சிறைக்கோட்டம், அறக்கோட்டம், சங்கம்

மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். புகார் நகரின் உலக அறவியில் அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்து வந்த மணிமேகலை, அங்கிருந்து சிறைக்கோட்டத்துக்குச் சென்று காவலில் வாடுவோர்க்கும் உணவிடுகிறாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை வரவழைத்து, தான் செய்யத்தக்கது யாது என்று கேட்கிறான். அவள் தனக்கென எதுவும் வேண்டவில்லை. சிறையை நீக்கி அவ்விடத்தை அறவோர் உறையும் கோட்டமாக்க வேண்டும் என்கிறாள். மன்னனும் அவ்வாறே செய்கிறான். ஒரு பெண் அரசன் முன் நின்று சிறைச் சீர்திருத்தம் கேட்டுப் பெற்ற செய்தியை இத்துணை வெளிப்படையாகச் சொல்லும் பகுதி நம் பிற காப்பியங்களில் இல்லை.

கதை அங்கே முடிவதில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்ததும் அதே மன்னன் மணிமேகலையைக் காவலில் வைக்கச் செய்கிறான். பின்னர் அரசமாதேவி, அவளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகக் கூறிச் சிறையிலிருந்து மீட்டுத் தன்னிடம் அழைத்துக்கொள்கிறாள். அந்த மனையில்தான் மணிமேகலைக்கு மருந்தூட்டிப் பித்தேற்ற முயல்கிறார்கள். கல்லா இளைஞன் ஒருவனை ஏவி அவளைக் களங்கப்படுத்தப் பார்க்கிறார்கள். நோயுற்றாள் என்று பொய் கூறி உணவின்றி அறையில் அடைக்கிறார்கள். இந்தக் காதையின் பெயர் ‘சிறைவிடு காதை’. சிறையிலிருந்து விடப்பட்ட பிறகே பெருந்துன்பம் தொடங்குகிறது.

இவ்விரு காதைகளையும் வகுப்பில் அடுத்தடுத்து நடத்தும்போது மாணவியர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: மன்னன் சிறையை அறக்கோட்டமாக்கிவிட்டான் என்றால், மணிமேகலையை அடைத்த சிறை எங்கிருந்து வந்தது? உரைகளில் இதற்கு விடை தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது பயன் தரும். மேலிருந்து அருளப்பட்ட சீர்திருத்தம் அருளியவர் மனம் மாறினால் மறைந்துவிடும். மேலிருந்து அருளப்பட்ட பாதுகாப்பும் அப்படியே. நம் பகுதியில், புவனகிரியைச் சுற்றிய கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில், கடந்த நூறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இந்த உண்மை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது.

கடலூரின் கைதி

கடலூர் முதுநகரில் 1890-ஆம் ஆண்டு பிறந்தவர் அஞ்சலையம்மாள். திண்ணைப் பள்ளியோடு படிப்பு நின்றது. கணவர் முருகப்பன். கைத்தறித் துணி விற்று வாழ்ந்த குடும்பம். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கிய அஞ்சலையம்மாள், 1927-இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் அறப்போராட்டத்தில் தம் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு சிறை சென்றார். நீல் என்பவர் 1857 எழுச்சியின்போது அலகாபாத், கான்பூர்ப் பகுதிகளில் பெருங்கொடுமை புரிந்த ஆங்கிலப் படைத்தலைவர். அவருடைய சிலை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்தது. தாயும் மகளும் சேர்ந்து சிறை புகுந்த செய்தி காந்தியடிகளை ஈர்த்தது. அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். சிலை 1937-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அகற்றப்பட்டது.

அதன் பின் உப்பு அறப்போர், அந்நியத் துணிக்கடை மறியல், தனிநபர் அறப்போர் என ஒவ்வொரு கட்டத்திலும் அஞ்சலையம்மாள் சிறையில் இருந்தார். கடலூர், திருச்சி, வேலூர், பெல்லாரி ஆகிய சிறைகள் அவரை அறியும். வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் கருவுற்றிருந்தார். பேறுகாலத்துக்காக வெளியே விடப்பட்டு, குழந்தை பிறந்ததும் கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பி எஞ்சிய தண்டனையை முடித்தார். அந்தக் குழந்தைக்கு ‘ஜெயில் வீரன்’ என்றே பெயரிட்டார்கள். பின்னாளில் அது ஜெயவீரன் ஆயிற்று. 1934-இல் கடலூருக்கு வந்த காந்தியடிகளைச் சந்திக்கக் கூடாதென அஞ்சலையம்மாளுக்குத் தடை இருந்தபோது, அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று சந்தித்த நிகழ்ச்சி இவ்வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. தென்னாட்டின் ஜான்சிராணி என்று காந்தியடிகள் அவரைக் குறித்தார்.

1937-இல் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னரும் உறுப்பினராக இருந்தார். மக்கள் நினைவில் தங்கியிருக்கும் அவருடைய பணி ஒரு வாய்க்கால். பரங்கிப்பேட்டையை அடுத்த தீர்த்தாம்பாளையத்தில் நீரின்றி மக்கள் துன்புற்றபோது, வீராணத்து நீர் அவ்வூருக்குக் கிட்ட வாய்க்கால் வெட்டச் செய்தார். அதற்கு மக்கள் ‘அஞ்சலை வாய்க்கால்’ என்று பெயரிட்டார்கள். 1961-இல் அவர் மறைந்தார். நெடுங்காலம் உள்ளூர் நினைவாகவே இருந்த அவர் பெயர், 2024-இல் விக்கிரவாண்டியில் நடந்த புதிய கட்சியொன்றின் மாநாட்டில் அவருடைய உருவம் வைக்கப்பட்டதும் தமிழகமெங்கும் திடீரென்று பேசப்பட்டது.

உருவத்தைப் பார்த்தவர்கள் போராளியைப் பார்த்தார்கள். அதே சிறையில் அதே காலத்தில் இருந்த பிற பெண்களை, அரசியல் காரணமின்றி உள்ளே வந்தவர்களை, யாரும் கேட்கவில்லை. குழந்தையோடு சிறையிலிருந்த பெண் அஞ்சலையம்மாள் ஒருவர் மட்டுமல்லர். அவருடைய குழந்தைக்கு ‘வீரன்’ என்ற பெயர் கிடைத்தது. மற்றக் குழந்தைகளுக்குக் ‘கைதியின் பிள்ளை’ என்ற பெயரே கிடைத்திருக்கும்.

வேலூரில் பிறந்த வினா

இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கண்டவர் துர்காபாய். 1909-இல் இராஜமுந்திரியில் பிறந்த இவர், 1930-இல் சென்னையில் உப்பு அறப்போரில் ஈடுபட்டுக் கைதானார். 1933-க்குள் மும்முறை சிறை சென்றார். வேலூரிலும் மதுரையிலும் இருந்தார். லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாநோன்பிருந்து 1929-இல் உயிர்நீத்ததைத் தொடர்ந்து, 1930-இல் கைதிகள் ஏ, பி, சி என வகுக்கப்பட்டிருந்தனர். படித்தோர், வசதியுடையோர் ஆகியோருக்கு முதலிரு வகுப்புகளில் சில சலுகைகள் இருந்தன. ஏழைகளுக்குக் கடைசி வகுப்பு. விடுதலை இயக்கம் பெற்றுத் தந்த சிறைச் சீர்திருத்தம் முதலில் விடுதலை இயக்கத்தாருக்கே பயன்பட்டது என்பது கசப்பான உண்மை.

வேலூரில் துர்காபாய் சந்தித்த பெண்கள் பலருக்குத் தங்கள் மீதான வழக்கு என்ன, தண்டனை எதற்கு என்பதே தெளிவாகத் தெரியவில்லை. தமக்காகப் பேச ஒருவரும் இல்லாமையால், செய்யாத குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்கள் அவர்களுள் இருந்தார்கள். தாம் சட்டம் படிக்க இந்த அனுபவமே தூண்டியது என்று துர்காபாய் பிற்காலத்தில் எழுதினார். விடுதலையான பின் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து வழக்கறிஞரானார். 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார்.

வாரியத்தின் முதல் ஆண்டுகளில் அவர் அமைத்த குழுக்களில் ஒன்று, சிறையிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வெளியேறுவோரின் பிற்காலப் பராமரிப்பை ஆராய்ந்தது. எம்.எஸ். கோரே அதன் தலைவர். 1958-இல் வாரியம் சமூக-பொருளாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பெண்கள் வேலை செய்து ஊதியம் பெறும் உற்பத்திக் கூடங்களுக்கு உதவியது. சிறையைப் பற்றிய கவலையும் பெண்களின் தொழில் பற்றிய கவலையும் ஒரே மேசையின் மீது வைக்கப்பட்டன என்பதே இதில் முக்கியம். சிறைக்குள் தொடங்கிய சிந்தனை தொழிற்கூடத்தில் போய் நிற்பதை அவர் வாழ்வில் காண்கிறோம். வெளியே வரும் பெண்ணுக்குக் கைத்தொழிலும் கூடி நிற்கும் துணையும் இல்லையென்றால், வந்த வழியே திரும்பிப் போக நேரிடும். அந்த மத்திய வாரியம் 2022-இல் மூடப்பட்டது.

சட்டங்கள் வந்த வழி

பிரித்தானிய ஆட்சி 1894-இல் இயற்றிய சிறைச்சட்டம், பெண் கைதிகளை ஆண்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்றது. அதற்கு மேல் பெண்ணைப் பற்றி அதிகம் சிந்திக்கவில்லை. சென்னை மாகாண அதிகாரியான அலெக்சாண்டர் கார்டியு தலைமையில் 1919-20-இல் ஆய்ந்த இந்தியச் சிறைக் குழுதான், தண்டனையோடு திருத்தமும் சிறையின் நோக்கம் என்று முதன்முதலாக அழுத்திச் சொன்னது. விடுதலைக்குப் பின் 1980-83-இல் நீதிபதி முல்லா குழுவும், 1986-87-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் பெண் கைதிகளுக்கெனவே அமைந்த குழுவும் விரிவான அறிக்கைகள் தந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2010-இல் பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிப் ‘பாங்காக் விதிகள்’ எனப்படும் நெறிகளை ஏற்றது.

இவற்றுள் நம் கடலூர்க் கதையோடு நேரே இணைவது, ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. கருவுற்ற கைதி இயன்றவரை சிறைக்கு வெளியே குழந்தை பெற வகை செய்ய வேண்டும். சிறைக்குள் பிறந்தால் பிறப்புப் பதிவில் ‘சிறை’ என்று குறிக்கக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியே இடம்பெற வேண்டும். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். அதற்குத் தக்க உணவு, மருத்துவம், கல்வி வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது. அஞ்சலையம்மாளின் மகன் சிறையைப் பெயராகவே சுமந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, சிறையின் பெயர் எந்தக் குழந்தையின் மீதும் ஒட்டக்கூடாது என்று இந்நாட்டு நீதிமன்றம் சொன்னது. முன்னதில் பெருமிதம் இருந்தது. பின்னதில் நீதி இருந்தது.

இந்தியச் சிறைகளில் உள்ளோரில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களுக்குத் தீங்காகிறது. பெண்களுக்கான தனிச்சிறைகள் சில ஊர்களிலேயே உள்ளன. தமிழகத்தில் வேலூர், புழல், திருச்சி போன்ற இடங்களுக்குக் கடலூர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் மனுப் பார்க்கப் போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். ஆண் சிறைப்பட்டால் மனைவியோ தாயோ வாரம் தவறாமல் மனுப் பார்க்கப் போகிறார்கள். பெண் சிறைப்பட்டால் வருவோர் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் எவரும் வருவதில்லை என்பது சிறைப்பணியாளர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அவளுக்குச் சுவர் இரண்டு: ஒன்று கல்லால் ஆனது, மற்றது உறவால் ஆனது.

காவல் நிலைய வாசலில்

சிறையைவிட அஞ்சத்தக்க இடம் சிறைக்கு முந்தைய இடம். மகாராட்டிரத்தில் 1972-இல் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் தொடர்புடைய காவலர்களை 1978-இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் இயக்கங்கள் கொதித்தெழுந்தன. அதன் விளைவாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டு, காவலில் நிகழும் பாலியல் வன்கொடுமை தனிக் குற்றமாக்கப்பட்டது. அதே 1983-இல், ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், பெண்களைத் தனிக் காவலறையில், பெண் காவலர் பொறுப்பில் வைக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் கூறியது.

சட்டம் இருந்தும் கொடுமை நிகழ்ந்தது, அதுவும் நம் வாசலிலேயே. 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், புவனகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில், விசாரணைக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட ஓர் உழைப்பாளி உயிரிழந்தார். அவரைத் தேடிச் சென்ற மனைவி காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். மறு ஆண்டு, அன்று இதே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கம்மாபுரம் காவல் நிலையத்தில், முதனை ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட குறவர் இனத்தவர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் மனைவி உயர்நீதிமன்றம் வரை சென்று நீதி கேட்டார். அன்று வழக்கறிஞராக இருந்த நீதியரசர் கே. சந்துரு அவருக்காக வாதாடினார். 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்த நிகழ்ச்சியைத் தழுவியது.

இந்த இரண்டு பெண்களும் கணவரைத் தேடிக் காவல் நிலையம் சென்றவர்கள். இருவரும் எளியவர்கள், எழுத்துப் பலமோ பணப் பலமோ இல்லாதவர்கள். அவர்களை அச்சுறுத்தவும் விலை பேசவும் முயற்சிகள் நடந்தன. அவர்கள் விழாமல் நின்றதற்குத் தனிப்பட்ட மனவுறுதி ஒரு காரணம். மாதர் அமைப்புகளும் இடதுசாரி இயக்கத்தினரும் கூட நின்றது மற்றொரு காரணம். மகளிரைச் சிறையிட்டுக் காப்பதால் என்ன பயன் என்று வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் வினவி, அவர்களுடைய மனவுறுதியே சிறந்த காவல் என்று விடை காண்கிறார். வினா இன்றும் பொருந்துகிறது. விடையோடு நம் காலம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனித்து நிற்கும் உறுதியை உடைக்க ஓர் இரவு போதும். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பவளை உடைப்பது அரிது.

பெயர் எழுதப்படும் ஏடு

தமிழில் ‘சங்கம்’ என்ற சொல்லின் பயணம் வியப்புக்குரியது. புலவர் கூடிய அவையைச் சங்கம் என்றோம். மணிமேகலை சரண் புகுந்த மும்மணிகளில் ஒன்று சங்கம். இருபதாம் நூற்றாண்டில் கூட்டுறவு வந்தபோது அதுவும் சங்கமாயிற்று. இன்று புவனகிரிப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு பெண் ‘சங்கத்துக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறாள். அவள் பாட்டி அப்படிச் சொல்லிப் புறப்பட்டிருக்க முடியாது.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அதே ஆண்டில் தோன்றியது. 1935-இல் கைத்தறி நெசவாளர்களுக்கான மாநிலச் சங்கம் உருவாகி, கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் வீடுதோறும் அறிமுகமாயிற்று. ஆனால் இவை நெடுங்காலம் ஆண்களின் சங்கங்களாகவே இருந்தன. குறிஞ்சிப்பாடி போன்ற நெசவூர்களில் நூல் சுற்றுவதும் தார் போடுவதும் பாவுக்கு உதவுவதும் பெண்களின் வேலை. தறியும் சங்கத்துப் பங்கும் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரில். உழைப்பு வீட்டுக்குரியது, உறுப்பினர் எண் ஆணுக்குரியது என்ற நிலை.

இதை மாற்றியவை பெண்களே அமைத்த சங்கங்கள். மும்பை கிர்காவில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத், உழைப்போரே உடைமையாளர் என்ற நெறியில் வளர்ந்தது. அகமதாபாத்தில் இலா பட் வழிகாட்ட, 1974-இல் ஏறத்தாழ நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு சேவா வங்கியை நிறுவினார்கள். கையெழுத்திடத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா என்று பதிவு அலுவலர்கள் தயங்கினார்கள். பெண்கள் தம் பெயரை எழுதப் பழகிக்கொண்டு வந்து பதிந்தார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். வங்கி வாசலில் ஏழைப் பெண்கள் பட்ட அலைச்சலைக் கண்டு, 1981-இல் அவர்களுக்கெனவே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை உருவாக்கினார். தமிழகத்தில் சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளைத் தைக்கின்றன. நம் பிள்ளைகள் அணியும் சட்டையில் ஒரு சங்கத்தின் உழைப்பு இருக்கிறது.

1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் இங்கே கூற வேண்டும். அவை பெண்களை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்தன, சேமிக்கப் பழக்கின. அதே சமயம் ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. கூட்டுறவுச் சங்கத்தில் பெண் பங்குதாரர். அவளுக்கு வாக்கு உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கடன் வழங்கும் நிறுவனம் கூட்டிவைக்கும் குழுவில் அவள் வாடிக்கையாளர் மட்டுமே. தவணை தவறினால் பக்கத்து வீட்டுப் பெண்ணையே அவள் வாசலில் நிறுத்தும் முறை பல ஊர்களில் வளர்ந்தது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. கூடி நிற்பதற்காக ஏற்பட்ட வட்டம் ஒருவரையொருவர் காவல் காக்கும் வட்டமாக மாறியது. அரசமாதேவியின் மனை இங்கும் தலைகாட்டுகிறது.

மூடியிருக்கும் கதவு

சிறைக்கும் சங்கத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் வாசலில் ஓர் ஏடு இருக்கிறது. உள்ளே வருபவரின் பெயரை எழுதி ஓர் எண் தருகிறார்கள். சிறையில் தரும் எண் பெயரை மறைக்கிறது. சங்கத்தில் தரும் எண் பெயருக்கு வலிமை சேர்க்கிறது. முதல் ஏட்டிலிருந்து இரண்டாம் ஏட்டுக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்வதே உண்மையான சிறைச் சீர்திருத்தம் என்பது என் கருத்து.

நடைமுறையோ வேறு. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்கு உறுப்பினராகத் தகுதியற்றவர் என்னும் விதி நம் நாட்டுக் கூட்டுறவுச் சட்டங்கள் பலவற்றிலும் சங்கங்களின் துணைவிதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. சங்கப் பணத்தைக் கையாடியவரை விலக்கி வைக்க அந்த விதி தேவைதான். ஆனால் வறுமையால் திருடியவளும் வீட்டுக் கொடுமை தாளாமல் கை ஓங்கியவளும் அதே விதியில் அகப்படுகிறார்கள். சங்கம் யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களுக்கு அந்த ஆண்டுகளில் கதவு மூடியிருக்கிறது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தண்டனை இது.

சிறைக்குள் தொழில் இல்லாமல் இல்லை. தையலும் அடுமனையும் கைவினையும் கற்பிக்கிறார்கள். 1998-இல் உச்சநீதிமன்றம், கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் சென்னை புழலில், தண்டனை பெற்ற பெண்களே பணிபுரியும் பெட்ரோல் விற்பனை நிலையம் திறக்கப்பட்டது. சாலையில் வருவோர் போவோர் அவர்களைக் கைதிகளாகக் கருதாமல் பணியாளர்களாகக் காணும் வாய்ப்பு அது. பாராட்டத்தக்கது. ஆயினும் அங்கே அவர்கள் ஊழியர்கள். விடுதலை நாளன்று அந்த வேலையும் சிறை வாசலோடு நின்றுவிடக் கூடியது.

உலகில் வேறு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. இத்தாலி 1991-இல் இயற்றிய 381-ஆம் எண் சட்டம் சமூகக் கூட்டுறவுகளுக்கு இடம் தந்தது. அவற்றில் ஒரு வகையில் பணியாளர்களுள் குறைந்தது 30 விழுக்காட்டினர் நலிவுற்றோராக இருக்க வேண்டும். சிறைத்தண்டனைக்கு மாற்றாக வெளியே பணிபுரிய அனுமதிக்கப்பட்டவர்களும் அக்கணக்கில் சேர்ந்தனர். 2000-ஆம் ஆண்டில் சிறைக்குள் இருப்போருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கரீபியத் தீவான பியூர்ட்டோ ரிக்கோவில் கைவினைக் கலைஞர்களான கைதிகள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப் போராடி, அதற்கேற்பச் சட்டமே திருத்தப்பட்டது. தண்டனை பெற்றவர் சங்க உறுப்பினராகலாமா என்ற ஐயத்துக்கு இவை நடைமுறையிலேயே விடை தந்துவிட்டன.

நம் மாவட்டத்திலும் இது இயலாத செயலன்று. சிறைக்குள் தையல் கற்கும் பெண்ணை, விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே அவள் ஊருக்கு அண்மையில் உள்ள தையற் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கலாம். பங்குத் தொகையை அவளுடைய சிறை ஊதியத்திலிருந்தே செலுத்தலாம். தகுதிநீக்க விதியில், சங்கப் பணத்துக்குத் தீங்கு செய்யாத எளிய குற்றங்களுக்கு விலக்கு அளிக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. விடுதலையாகும் நாளில் அவளுக்குப் பேருந்துக் கட்டணத்தைத் தந்து அனுப்புவதற்குப் பதிலாக, அவளை எதிர்பார்த்து ஒரு தையல் எந்திரமும் அதைச் சுற்றிச் சில பெண்களும் காத்திருப்பார்கள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. மற்ற உறுப்பினர்கள் ஏற்பார்களா, சங்கத்தின் பெயர் கெடாதா என்பது அது. புறக்கணிக்கத்தக்க வாதமன்று. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருக்கக்கூடும். ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதை அலுவலர் ஆணையால் திணிக்காமல், சங்கத்தின் பெண்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவும் கூடும். ஆனால் சட்டம் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவர்கள் பேசவே வாய்ப்பில்லை.

வடலூர் நம் பக்கத்து ஊர். 1867-இல் அங்கே வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோர்க்கு உணவு தருகிறது. பசியாற்றுவதில் நம் மண்ணுக்குப் பழக்கம் உண்டு. அமுதசுரபியும் அதையே செய்தது. எனினும் மணிமேகலை சிறைக்குள் உணவு கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உணவிட்ட பின் அவள் மன்னனிடம் அந்த இடத்தையே மாற்றும்படி கேட்டாள். அவள் கேட்டதைத் தருவதற்கு அன்று ஒரே ஒருவனின் மனம் போதுமாயிருந்தது; திரும்பப் பறிப்பதற்கும் அவன் மனமே போதுமாயிருந்தது. இன்று சட்டத்தை மாற்றும் இடத்துக்கு நாம் வாக்களித்து ஆட்களை அனுப்புகிறோம். கடலூரிலிருந்து ஒரு முன்னாள் கைதியையே 1937-இல் அனுப்பியவர்கள் நாம். சிறை சென்றவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பத் தயங்காத ஊர், சிறை மீண்டவரைத் தையற் சங்கத்தில் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.